வீட்டிலே ஒரு கடைசற்பொறி

தயிரைக் கடைவதற்கும் இரும்பைக் கடைவதற்கும் தமிழில் வினைச்சொல் ஒன்றே. மத்தின் தண்டிலே கயிற்றைச் சுற்றி இரு தலைப்பையும் மாறி மாறி இழுக்க, மத்து முன்னும் பின்னுமாகச் சுழல்கிறது. பழைய மரக்கடைசற்காரரும் அவ்வாறே மரத்துண்டில் வாரைச் சுற்றி இழுத்து, சுழலும் மரத்தின்மீது உளியை வைத்துத் தொட்டிற் காலும் கட்டிற் காலும் கடைந்தனர். திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகள் இன்றும் கடைசல் வேலையாலேயே உருவாகின்றன. ஆகவே, இஃது ஆண்களின் பட்டறைக்கே உரிய விஷயம் என்று எண்ணி எம் சகோதரிகள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டியதில்லை. மத்தைப் பிடித்த கைக்கு இப்பொறியின் தத்துவம் முன்னரே தெரியும்.

எமது வீட்டுக் கொட்டிலிலே இரும்பைக் கடையும் சிறு பொறி ஒன்று உண்டு. பெரியதந்தையார் வாங்கியது; அவருக்குப் பின் எம்மிடம் வந்தது. நாமோ தொழிலால் கல்லூரி ஆசிரியர். எனினும் இப்பொறியைப் பேணவும் திருத்தவும் முயன்று, பிழைவிட்டு, பின்னர் ஒருவாறு தெளிந்த அனுபவம் பிறருக்கும் பயன்படலாம் என்பதால் இதனை எழுதத் துணிந்தோம்.

பொறியும் அதன் பிறப்பும்

பட்டறைகளில் 'லேத்' என வழங்கும் கடைசற்பொறியின் அமைப்பு எளியது. அடியில் நீண்ட வார்ப்பிரும்புப் படுக்கை ஒன்று. இதனைப் 'பெட்' என்பர். அதன் இடக்கோடியில் தலைப்பெட்டி. தலைப்பெட்டியினுள் சுழலும் தண்டு. தண்டின் முகப்பில் வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'. வலக்கோடியில், நீண்ட பொருளின் மறுமுனையைத் தாங்கும் வாற்பெட்டி. இவ்விரண்டுக்கும் இடையே படுக்கையின்மேற் சறுக்கி ஓடும் வண்டி ஒன்று. அதன்மீது வெட்டுளி பொருத்தப்பட்டிருக்கும். வேலைப்பொருள் சுழல, உளி மெல்ல நகர்ந்து அதனைச் சீவும்.

உளியைக் கையாற் பிடித்துக் கடைந்த காலம் நெடிது. அதனைக் கையினின்றும் எடுத்து, நேர்க்கோட்டில் ஓடும் வண்டியிலே இருத்தி, திருகுதண்டும் பற்சில்லுகளும் கொண்டு அளவாக நகரச் செய்த பொறியை, 1800ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் செவ்விதாக அமைத்தவர் ஹென்றி மோட்ஸ்லி. அவர் தமது மேசைமீது நுண்ணளவி ஒன்றை வைத்திருந்தார். அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்னும் கருத்தில், இங்கிலாந்தின் உயர் நீதிப்பதவியின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார். அவரிடம் தொழில் பழகியவர் ஜோசப் விற்வேர்த். ஆளுக்கொரு விதமாக வெட்டப்பட்டுவந்த திருகுப் புரிகளுக்கு 1841இல் ஒரே அளவுத் திட்டத்தை வகுத்துத் தந்தவர் அவரே. எம் வீடுகளிலுள்ள அரை அங்குலத் தண்ணீர்க் குழாயின் முனையைக் கழற்றிப் பாருங்கள். அங்குலத்திற்குப் பதினான்கு புரிகள், ஒவ்வொன்றும் 55 பாகைக் கோணத்தில் இருக்கும். அக்கோணம் விற்வேர்த் வகுத்ததே.

துவிச்சக்கரவண்டி ஓட்டிய கடைசல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லிடையே ஊறி நிற்க, அதனைக் கிணற்றால் இறைத்தே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிக்கிறோம். முன்னே துலாவால் இறைத்தோம். பின்னே பம்பு யந்திரத்தால் இறைக்கிறோம். பம்பு நின்றால் தோட்டம் வாடும். தேய்ந்த பம்பை மீட்டுத் தருவது கடைசற்பொறி. செம்மண் வலிகாமத்திலே ஒரு லேத்துக்கு உள்ள மதிப்பு இதனால் விளங்கும்.

1990ஆம் ஆண்டு ஆனியில் யுத்தம் மீண்டும் மூண்டது. அவ்வாண்டிலேயே குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. எரிபொருள், மின்கலம், சீமெந்து, இரும்பு முதலியன தடுக்கப்பட்டோ மட்டுப்படுத்தப்பட்டோ இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. எமக்கு அப்போது வயது பத்து. பெரியதந்தையார் பழைய துவிச்சக்கரவண்டி ஒன்றின் பின்சில்லிலிருந்து டயரைக் கழற்றிவிட்டு, அச்சில்லையும் கடைசற்பொறியையும் ஒரு வாரினாற் பிணைத்தார். நாமும் ஒன்றுவிட்ட தமையனாரும் முறைவைத்து மிதிப்போம். ஒரு மனிதன் இடைவிடாது தரக்கூடிய வலு ஏறத்தாழ ஒரு குதிரைவலுவில் பத்திலொன்றே. ஆதலின் அவர் உளியைத் தலைமயிரளவே ஆழ்த்துவார். சற்றுக் கூடினாலும் எம் கால்கள் நின்றுவிடும். "தம்பி, நிப்பாட்டாதை, இன்னும் ரண்டு இழை தான்!" என்று அவர் கூவுவது இன்றும் காதில் ஒலிக்கிறது.

வெண்கலம் வாங்க வழியில்லாத அந்நாளில் பெரியதாயார் தமது வெடித்த பித்தளைக் குடத்தைக் கொடுத்தார். அஃது உருகி வார்க்கப்பட்டு, கடைசலேறி, அயலிலுள்ள மூன்று பம்புகளின் 'புஷ்' ஆயிற்று. பம்பின் சுழல்தண்டைச் சூழ்ந்து தாங்கும் குழல்வடிவான வளையமே புஷ் ஆகும்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக வீடுகளை விட்டுப் புறப்பட நேர்ந்தது. வண்டியில் ஏற்றத்தக்க பொருளன்று லேத். பெரியதந்தையார் புறப்படுமுன் கிறீஸ் ரின் ஒன்றை எடுத்துப் படுக்கை முழுவதும் கையாலே பூசினார். தலைப்பெட்டியின் வெளிப்புறத்திற்குப் பூச ரின்னிற் கிறீஸ் எஞ்சவில்லை. 1996 சித்திரையில் நாம் மீண்டபோது கொட்டிலின் கூரை இல்லை. ஒரு மாரி முழுவதும் பொறி நனைந்திருந்தது. பூசாத இடமெல்லாம் துரு. பூசிய படுக்கையோ, கிறீசை வழித்தபோது விட்டுச்சென்றபடியே மினுங்கிற்று. அன்று அந்தப் பத்து நிமிடத்தை அவர் செலவிடாதிருந்தால் இக்கட்டுரைக்குப் பொருளே இருந்திராது.

2022இல் வந்த சோதனை

காலம் மாறியது. உதிரிப்பாகங்கள் கடைகளில் மலிந்தன. பெரியதந்தையார் மறைந்தபின் பொறியைப் புதிய கொட்டிலுக்கு மாற்றி, சீமெந்துத் தரையில் நான்கு ஆணிகளால் இறுக்கிவிட்டோம். அதன்பின் அது பெரும்பாலும் ஓய்ந்தே கிடந்தது.

2022இல் நாட்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு. இறக்குமதிப் பாகங்கள் அரிதாயின. அப்போது அயலிலுள்ள வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் தேய்ந்த பம்புப் புஷ் ஒன்றைக் கையில் ஏந்திவந்தார். "மாஸ்டர், கடை கடையாத் திரிஞ்சிட்டன், இல்லை. நட்டு மூண்டு கிழமை. தண்ணி விடாட்டி எல்லாம் போச்சு" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன் எம் பெரியதாயாரின் குடம் சென்று சேர்ந்த பம்புகளுள் அவருடைய தகப்பனாரின் பம்பும் ஒன்று. மறுப்பதெப்படி?

வெண்கலத் துண்டைப் பொருத்திக் கடைந்தோம். தண்டிலே மாட்டிப் பார்த்தால், புஷ் பாதிவழி இலகுவாக ஏறி அப்பால் இறுகி நின்றது. துளை ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் ஒடுங்கியும் இருந்தது. அஃதாவது, பொறி நேராகக் கடையவில்லை, கூம்பாகக் கடைந்தது.

இங்கே நாம் செய்த தவற்றை ஒளிக்காமற் கூறுவோம். காரணத்தைத் தேடாமலே தலைப்பெட்டியைத் திறந்து, சுழல்தண்டின் தாங்கிகளை இயன்றமட்டும் இறுக்கினோம். பத்து நிமிடத்துள் தாங்கி கைவைக்க முடியாதபடி சுட்டது. கூம்பு கூம்பாகவே இருந்தது. மறுநாள் வந்து பார்த்த அனுபவசாலி ஒருவர், "பெட் தேஞ்சு போச்சு, மாஸ்டர். இனி உது சரிவராது, பழைய இரும்புக்குக் குடுங்கோ" என்று சொல்லிச் சென்றார். இரும்பின் விலை அவ்வேளை நன்றாகவே இருந்தது. எமது மனமும் சற்றே தளர்ந்தது என்பது உண்மை.

வாங்கு ஆடியதும் பொறி திருந்தியதும்

தெளிவு வந்தது வகுப்பறையிலே. மாணவன் ஒருவன் ஆடிக்கொண்டிருந்த வாங்கின் காலொன்றின்கீழ்க் கடதாசியை மடித்து வைத்தான், ஆட்டம் நின்றது. முக்காலி ஒருபோதும் ஆடாது; நாற்காலியே ஆடும். ஏனெனில் மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது புள்ளிக்கு அந்த உறுதி இல்லை. ஆடும் வாங்கைத் தரையோடு ஆணியடித்தாலும் ஆட்டம் நிற்கும். ஆனால் வாங்கு முறுகிவிடும்! இதனைப் பலகாலும் கரும்பலகையில் வரைந்து காட்டியவர் நாமே. எனினும் எமது கொட்டிலில் நாம் செய்திருந்தது அந்த ஆணியடிப்பைத்தான்.

வார்ப்பிரும்பு வளையாது என்பது பொதுவான எண்ணம். கண்ணுக்குத் தெரியுமளவுக்கு வளையாதுதான். ஆனால் கடைசல் வேலை கண்ணளவில் நடப்பதன்று. மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கில் நடப்பது. ஒரு கால் தரையைத் தொடாதிருக்க, ஆணியைத் திருகி அதனை இழுத்து அமர்த்தினால், படுக்கை அவ்வளவுக்கு முறுகவே செய்யும்.

வீடு திரும்பி, நான்கு ஆணிகளையும் தளர்த்தி, ஒவ்வொரு காலின்கீழும் கடதாசித் துண்டைச் செலுத்திப் பார்த்தோம். மூன்று கால்களின் கீழ் அது நுழையவில்லை. வாற்பெட்டிப் பக்கம், வேலை செய்வோனை நோக்கிய காலின்கீழ் மட்டும் தடையின்றி ஓடிற்று.

பின்னர்ச் செய்த சோதனையை எவரும் செய்யலாம். ஒன்றேகால் அங்குலப் பருமனுள்ள உருக்குத் தண்டொன்றைச் சக்கிலே பிடித்து, ஆறு அங்குலம் வெளியே நீட்டி, மறுமுனையைத் தாங்காமலே விடவேண்டும். நடுப்பகுதியைச் சற்றே குறைத்து, இரு கோடியிலும் இரண்டு வளையங்கள்போல விட்டுக்கொள்ளவேண்டும். அதன்பின் உளியின் ஆழத்தை மாற்றாமல், மிக மெல்லிய சீவலாக இரு வளையங்களையும் ஒரே ஓட்டத்திற் கடைந்து, நுண்ணளவியால் அளக்கவேண்டும். இரண்டும் ஒரே விட்டமாயின் பொறி நேரியது. எமது தண்டில் வெளிக்கோடி வளையம் 0.08 மில்லிமீற்றர் பெருத்திருந்தது. வாற்பெட்டிப் பக்கத்து முன்கால் தாழ்ந்தமையால், வண்டி எம்மை நோக்கிச் சாய்ந்து, உளி வேலையைவிட்டு விலகியிருக்கிறது என்பதே அதன் பொருள். ஆகவே அந்தக் காலின்கீழ் அடை வைக்கவேண்டும்.

அடை வைக்கத் தகடு எங்கே? பால்மாவும் அரிதாயிருந்த காலம். ஆயினும் வெற்றுப் பால்மா ரின் ஒன்று குசினியில் இருந்தது. அதனை வெட்டிக் காலின்கீழ் வைத்து, ஆணிகளை இதமாக இறுக்கி, மீண்டும் கடைந்து அளந்தோம். கூடிற்று, குறைத்தோம். மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்திருந்து இரண்டு இரவுகள் இவ்வாறு கழிந்தன. நான்காம் முறை வேற்றுமை 0.01 மில்லிமீற்றருக்கு இறங்கியது. தாங்கிகளையும் தளர்த்திப் பழைய நிலைக்குக் கொணர்ந்தோம். மூன்றாம் நாள் கடைந்த புஷ், எண்ணெய் தடவிய தண்டிலே கைவிரலால் தள்ளத் தடையின்றி வழுக்கிச் சென்றது. அன்று மாலை வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ந்தது. பொறியில் யாம் மாற்றிய பாகம் ஒன்றுமில்லை. காலின்கீழ் வைத்த தகரத் துண்டு ஒன்றே.

மெய்யான தேய்வு எது?

இதனால் படுக்கை தேய்வதே இல்லை என்று எவரும் எண்ணற்க. தேய்வு உண்டு, அதற்கு அடையாளமும் உண்டு. வண்டி பெரும்பாலும் தலைப்பெட்டியின் அருகிலேயே உழைப்பதால் தேய்வும் அங்கேதான் மிகும். வாற்பெட்டிப் பக்கம் புதிதுபோல இருக்கும். வண்டியின் ஓரத்திலுள்ள 'ஜிப்' என்னும் தகட்டை, தலைப்பெட்டியருகே வண்டி ஆடாதவாறு இறுக்கிவிட்டு, வண்டியை வலக்கோடிக்குத் தள்ளிப் பாருங்கள். அங்கே இறுகி நின்றால் தேய்வு மெய்யே. அதனைச் சுரண்டியோ அரைத்தோ தளப்படுத்துவது கைதேர்ந்தோர் வேலை. ஆனால் அம்முடிவுக்கு வருமுன் கால்களைப் பார்க்கவேண்டும். கால்களைப் பார்க்குமுன் அழுக்கைத் துடைக்கவேண்டும். சக்கின் பின்முகத்தில் ஒட்டிய ஒரு சீவல் துகள் போதும், வேலையைக் கோணலாக்க.

குறுக்குத் திருகைத் திருப்பும்போது பிடி சற்றுத் தூரம் வெறுமனே ஓடுமாயின், அதன் சுரை தேய்ந்துள்ளது என்க. சொற்பமாயின் குற்றமில்லை, உளியை எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்குக் கொண்டுவந்தாற் போதும். மிகுந்தால் புதிய வெண்கலச் சுரை வேண்டும். தேயுமுன்னரே அதனைச் செய்து வைத்துக்கொள்வது புத்தி. தன் உதிரிப்பாகங்கள் பலவற்றைத் தானே கடைந்துகொள்ள வல்ல பொறி இதுவல்லவா?

வாரந்தோறும் பத்து நிமிடம்

எம்மூரில் இப்பொறிக்குப் பகைவர் இருவர். ஒருவர் கடற்காற்று, மற்றவர் சோளகம் கொண்டுவரும் செம்மண் புழுதி. உப்புக் காற்று துருவைத் தரும். புழுதி எண்ணெயோடு கலந்தால் அரைக்கும் பசையாகிப் படுக்கையைத் தின்னும். ஆகவே வேலை முடிந்ததும் சீவல்களைத் தூரிகையாற் கூட்டி, படுக்கையைத் துடைத்து, புதிய எண்ணெயை மெல்லிதாகப் பூசி, பருத்தித் துணியால் மூடுங்கள். காற்றூதிச் சுத்தஞ் செய்தல் கூடாது. துகள்கள் சறுக்குத் தளங்களின் உள்ளே புகுந்துவிடும். துரு கண்டால் மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய உருக்குப் பஞ்சாற் தேய்த்தால் போதும். படுக்கையில் உரக்கடதாசி படலாகாது. அதன் மணிகள் ஒட்டிநின்று பின்னர் அரிக்கும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வண்டியிலிருந்து வடித்த கழிவெண்ணெயை விடுவோர் உளர். அதிலே கரியும் உலோகத் துகளும் உண்டு. தேங்காயெண்ணெயை நாமே தட்டுப்பாட்டுக் காலத்தில் விட்டதுண்டு. அஃது ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் உறையத் தொடங்குவது. மார்கழி விடியலில் தலைக்கு வைக்கும் போத்தலிற் கட்டியாவதை வீட்டிலுள்ளோர் அறிவர். நாட்படத் தாங்கியினுள் பிசினாகவும் மாறும். ஆனால் புரி வெட்டும் உளிமுனையில் ஒரு துளி விட்டால் நன்றாகவே உதவும். தாங்கிகளுக்கு மெல்லிய 32ஆம் இலக்க எண்ணெயும் சறுக்குத் தளங்களுக்கு 68ஆம் இலக்க எண்ணெயும் பெரும்பாலும் ஏற்றவை. பொறியோடு வந்த கைந்நூல் வேறு கூறின் அதுவே பிரமாணம்.

ஆயுத பூசையன்று நாமும் பொறிக்குச் சந்தனமும் குங்குமமும் சாத்துவதுண்டு. ஆனால் படுக்கையிலன்று, தலைப்பெட்டியின் வர்ணம் பூசிய முகப்பிலே. முன்னொரு வருடம் படுக்கையில் வைத்த ஈரச் சந்தனப் பொட்டு மறுநாளே துருப்பொட்டாகிவிட்டது!

வீட்டிலே குழந்தைகள் இருப்பின் மேலும் சில விதிகள் வேண்டும். சக்குச் சாவியைச் சக்கிலே விட்டுக் கையை எடுக்கலாகாது. பொறி ஓடத்தொடங்கினால் அது குண்டுபோலப் பறக்கும். சால்வை, தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல், வளையல், மோதிரம் ஆகியன பொறியருகே வரலாகா. கையுறையும் ஆகாது, சுழலும் தண்டு கையுறையைப் பற்றினால் கையையும் சேர்த்தே இழுக்கும். சுருண்டு தொங்கும் சீவலைக் கையாற் பிடிக்கலாகாது. கண்ணுக்குக் கண்ணாடி இன்றியமையாதது. வேலையில்லாத நேரத்தில் மின்னிணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

பழைய பொறியொன்று தவறிழைத்தால் உடனே அதன் முதுமையைக் குறைகூறுவது எம்மவர் இயல்பு. அது நிற்கும் நிலத்தையும், அதனை இறுக்கிய எமது கையையும் முதலிற் சோதித்தல் நன்று. வகுப்பிலே பின்வாங்கு மாணவன் தவறும்போதும் இப்போதெல்லாம் அவ்வாறே செய்ய முயல்கிறோம்.

பெரியதந்தையாரின் லேத் இன்றும் கொட்டிலில் நிற்கிறது. எமது மகளுக்கு வயது பதின்மூன்று. சனிக்கிழமைகளில் எண்ணெய் பூசுவது அவள் பொறுப்பு. சென்ற மாதம் தன் தாயாரின் மத்துக்குப் புதிய தண்டொன்றைக் கடைந்து கொடுத்தாள். சிறிது கோணல்தான். கால்களை மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று அவளே சொன்னாள்.